லேப் சாவி யார்கிட்ட இருக்கு?

திருச்சியில் பிளஸ் டூ முடித்தால் அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு லிஸ்ட் சொல்வார்கள். அந்த லிஸ்ட்டில் இருக்கிற அத்தனை பெஞ்சிலும் உட்கார்ந்து பார்த்த ஒரே மனிதன் எங்கள் தெரு லேப்சாவிதான். ஸ்ரீரங்கத்திலிருந்து துவாக்குடி வரைக்கும் அவன் சேராத காலேஜ் கிடையாது. சேர்ந்து முடித்த காலேஜும் கிடையாது.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. அவனிடம் இருந்த ஒன்பது டி.சி.யிலும் அந்தப் பெயர் இருந்தது, பக்கத்தில் ‘நடத்தை: நன்று’ என்றும் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் விசாரித்தால் அப்படி யாரும் இங்கே இல்லையே என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். கொரியர்காரரே லேப்சாவி வீடு எதுங்க என்றுதான் கேட்பார்.

அவனும் நானும் ஒரே ஸ்கூல், ஒரே பெஞ்ச். ரிசல்ட் வந்த வாரமே நான் பி.காம். சேர்ந்துவிட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை, அப்ளிகேஷன் வாங்கப் போன இடத்தில் அந்த வரிசைதான் சின்னதாக இருந்தது. அவன் இஞ்சினியரிங் சேர்ந்தான். ஹைவே ஓரத்தில், நாலு பக்கமும் வயல் இருக்க, நடுவில் கண்ணாடி பதித்து எழுந்து நின்ற ஒரு காலேஜ். அட்மிஷன் அன்றைக்குத் துணைக்கு நானும் போனேன்.

அவன் அப்பா கண்டக்டர். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து தொட்டியம் போகிற வண்டி. காக்கியில் மட்டுமே பார்த்துப் பழகிய மனிதரை அன்றுதான் வெள்ளைச் சட்டையில் பார்த்தேன். மடிப்புக் கலையாமல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். தானே டிக்கெட் கேட்டு வாங்கி, அதை மூன்றாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார்.

பெரிய ஹாலில் உட்கார வைத்து, கோட்டு போட்ட ஒருவர் ஒரு மணி நேரம் பேசினார். எத்தனை லேப், என்னென்ன மெஷின், எந்த நாட்டிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகத் திரையில் படம் போட்டுக் காட்டினார். கடைசியில் யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். பெற்றோர்கள் எல்லாம் பஸ் வருமா, ஹாஸ்டலில் என்ன சாப்பாடு என்று கேட்டார்கள். இவன் எழுந்தான்.

“சார், லேப் சாவி யார்கிட்ட இருக்கும்?”

ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன், இப்போது ஒப்புக்கொள்கிறேன். அதெல்லாம் நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் தம்பி, நீங்கள் படிப்பைப் பாருங்கள் என்றார் கோட்டுக்காரர். அவன் அப்பா தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு விழுந்த பெயர்தான் லேப்சாவி.

கேட்டது கிண்டலுக்கு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் ஸ்கூலில் கெமிஸ்ட்ரி லேப் சாவியை ஹெட்மாஸ்டர் வைத்திருந்தார். பப்ளிக் பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்னால்தான் திறந்தார்கள். அதுவரைக்கும் உப்பை நாங்கள் நோட்டில்தான் ஆராய்ச்சி செய்தோம். எங்களுக்கெல்லாம் அது மறந்துபோயிற்று. அவனுக்கு மறக்கவில்லை.

புதுக் காலேஜிலும் சாவி பிரின்சிபால் ரூமில் இருந்தது, பிரின்சிபால் சென்னையில் இருந்தார். நாலரை மாதம் அவன் லேப்பை ஜன்னல் வழியாகவே பார்த்தான். பிறகு ஒரு நாள் இன்ஸ்பெக்‌ஷன் என்றார்கள். விடியற்காலையே லேப் திறந்தது, கழுவினார்கள், பையன்களுக்கு வெள்ளைக் கோட்டு கொடுத்து மெஷினுக்கு ஒருவராக நிறுத்தினார்கள். எதையும் தொடக்கூடாது, புன்னகையோடு நிற்க வேண்டும் என்று உத்தரவு. வந்த பெரியவர் நேராக இவன் முன்னால் வந்து, இந்த மெஷின் என்னப்பா செய்யும் என்று கேட்டிருக்கிறார்.

“தெரியலைங்க சார். இன்னிக்குக் காலையிலதான் அறிமுகம் ஆச்சு.”

அடுத்த வாரம் அவன் வீட்டில் இருந்தான். கூட டி.சி.யும் இருந்தது. மற்றவர்கள் ஒரிஜினல் சர்டிபிகேட்டைத் திரும்ப வாங்க மாதக்கணக்கில் அலைவார்கள். இவனுக்கு மட்டும் கேட்காமலே எடுத்து வைத்திருந்தார்கள்.

அப்பா கத்தவில்லை. அவர் கத்துகிற ஜாதி இல்லை, எல்லாவற்றையும் பஸ் கணக்கில்தான் பேசுவார். டிக்கெட் எடுக்காம நடுவுல இறங்கி ஓடறவனை நான் சர்வீஸ்ல பார்த்திருக்கேன், டிக்கெட்டும் எடுத்துட்டு ஸ்டாப்பும் வராம இறங்கிப் போறவன் நீ ஒருத்தன்தான் என்றார். அவ்வளவுதான் சொன்னார். வெள்ளைச் சட்டை அலமாரிக்குப் போயிற்று.

அது அங்கே ரொம்ப நாள் இருக்கவில்லை. அடுத்து கேட்டரிங் சேர்ந்தான். அங்கே மூன்று மாதம் துணி நாப்கினை விதவிதமாக மடிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள், தாமரை, மயில், கப்பல் என்று. அடுப்பு இருந்த அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள், கேஸ் வீணாகிறதாம். மயில் மட்டும் கற்றுக்கொண்டு வந்துவிட்டான். இன்றைக்கும் எங்கள் தெருக் கல்யாணங்களில் பந்தி மேஜையில் மயில் நின்றால் அது அவன் கைவேலை.

கண் பரிசோதகர் படிப்பில் சேர்ந்தபோது முதல் நாள் கண்ணைக் காட்ட ஒரு ஆள் வேண்டும் என்று இவனை உட்கார வைத்தார்கள். பார்த்தால் இவனுக்கே பவர் இருந்தது. கண்ணாடி வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கருவியை உறை போட்டு மூடி பீரோவில் வைத்துவிட்டார்கள். அந்தப் படிப்பில் அவனுக்குக் கிடைத்தது கண்ணாடி மட்டும்தான்.

அதற்கும் பிறகு தீயணைப்புப் பாதுகாப்பு டிப்ளமோ. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அங்கே தீயணைக்கும் சிலிண்டரையே கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள். தீப்பிடித்தால் முதலில் சாவி வைத்திருக்கிறவருக்கு போன் பண்ண வேண்டுமா என்று கேட்டிருக்கிறான். விமானப் பயிற்சி என்று ஒன்று, ஸ்வீட் ஸ்டாலுக்கு மேல்மாடியில் நடந்தது. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை ஏர்போர்ட் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், மேலே போகிற விமானத்தைக் காட்டிவிட்டுக் கூட்டி வந்தார்கள். மிச்ச நாலு படிப்பைப் பற்றி எழுதினால் பத்திரிகைக்கு இந்த வாரம் விளம்பரம் போட இடம் இருக்காது.

ஃபீஸுக்கு அப்பாவைத் தொந்தரவு செய்யவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். திருவிழாக் காலங்களில் சீரியல் செட் கட்டப் போய்ச் சம்பாதித்துக்கொள்வான். அப்பாவிடம் கேட்டது கையெழுத்து மட்டும்தான். ஒவ்வொரு தடவையும் அதே வெள்ளைச் சட்டை, பக்கத்தில் துணைக்கு நான். அவன் இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தால் போதும், அம்மா ஒன்றும் கேட்காமல் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்துவிடுவார். என் அம்மாதான் பொறுக்க முடியாமல் ஒரு நாள் கேட்டார், எள்ளு காயுது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதுக்குடா கூடவே காயுது என்று. அவனோடு போகிற பஸ் பயணம் எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒரு படிப்பையும் முடிக்காத இவனிடம்தான் தெருவே யோசனை கேட்டது. மே மாதம் வந்தால் அவன் வீட்டு வாசலில் செருப்பு குவியும். கோர்ஸின் பெயரை அவன் காதிலேயே வாங்க மாட்டான். அங்கே நாற்காலி தேய்ந்திருக்கிறதா, சாயங்காலம் வெளியே வருகிற பசங்கள் கையில் அழுக்கு இருக்கிறதா என்றுதான் கேட்பான். என் சித்தி தன் மகளை நர்சிங் சேர்க்க இரண்டு இடம் பார்த்து வைத்திருந்தாள். இவன் இரண்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். முதல் இடத்தில் ஊசி போட்டுப் பழகுகிற பொம்மை பாலிதீன் கவரோடு பளபளவென்று இருந்ததாம். இரண்டாவது இடத்தில் பொம்மையின் கை முழுக்க ஓட்டை, ஒரு பக்கம் பஞ்சு எட்டிப் பார்க்கிறதாம்.

“சித்தி, ஓட்டை பொம்மை இருக்கற இடத்துலயே சேத்துடுங்க.”

சேர்த்தாள். இன்றைக்கு அந்தப் பெண் ஊசி போட்டால் போட்டதே தெரியாது.

ஊருக்கு வழி சொல்கிறவன் இப்படி நடுரோட்டில் நிற்கிறானே என்பதுதான் அப்பாவின் கவலை. கடைசியில் ஒரு நாள், ஒன்பதாவது டி.சி. வந்த அன்றைக்கு, அவனை உட்கார வைத்துப் பேசினார். நானும் அங்கேதான் இருந்தேன்.

“அடுத்த வருஷம் நான் ரிட்டயர் ஆகறேன். அதுக்குள்ள ஏதாவது ஒண்ணுல நீ கடைசி ஸ்டாப் வரைக்கும் போய் இறங்கி நான் பார்க்கணும். என்ன வண்டியா இருந்தாலும் சரி. அடுத்து நான் போடறதுதான் கடைசி கையெழுத்து.”

அவன் தலையாட்டினான். அப்பா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

பத்தாவதாக அவன் தேர்ந்தெடுத்தது துவாக்குடி பக்கம் ஒரு சின்ன ஐ.டி.ஐ. வெல்டர் படிப்பு, ஒரு வருஷம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் துருப்பிடித்த இரும்புக் குவியல், படம் காட்ட ஹால் எல்லாம் கிடையாது. இன்ஸ்ட்ரக்டர் குட்டையான மனிதர், முழங்கை வரைக்கும் தீப்பொறி பட்ட புள்ளிகள். இவன் வழக்கம்போல ஒர்க்‌ஷாப் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டான். அப்பா வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

“பூட்டு தொலைஞ்சு ரெண்டு வருஷம் ஆகுதுங்க தம்பி. யாராச்சும் உள்ள வந்து எதையாச்சும் தூக்கிட்டுப் போனாத்தான் புதுசு வாங்கணும். இங்க இருக்கறது எல்லாம் தூக்க முடியாத வெயிட்டு.”

என் நண்பன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எட்டு வருஷமாகத் தேடினது இருபது ரூபாய் டிக்கெட் தூரத்தில் கதவைத் திறந்துபோட்டுக் கிடந்திருக்கிறது. அப்பா நிமிர்ந்து, பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் அவனைத் தெருவில் பார்க்க முடியவில்லை. பதினேழு வயசுப் பசங்களுக்கு நடுவில் இவன் ஒருவன்தான் மீசையோடு இருந்தான், அங்கிள் என்று கூப்பிட்டார்களாம், அதற்கும் கோபம் வரவில்லை. ஆனால் நாலாவது மாதம் அவனுக்கு எப்போதும் கண்டம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்து நிறுத்தினான். கண் சிவந்திருந்தது. தீ வெளிச்சம் பட்டதால்தான் என்று நினைத்தேன்.

விஷயம் இதுதான். வேலை வரவில்லை. வெல்டிங் ராடைத் தகட்டில் வைத்தால் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாமல் ஓடினால் கோடு கோணிக்கொண்டு போகிறது. நேற்று சேர்ந்த பையன் நூல் பிடித்த மாதிரி இழுக்கிறான், இவன் இழுத்தது மண்புழு நெளிந்த மாதிரி இருக்கிறது. வேர்வை கண்ணாடியில் வழிந்து கோடே தெரிவதில்லை.

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இத்தனை வருஷமா கூடத்தைத்தான்டா திட்டிக்கிட்டு இருந்தேன். இங்க கூடம் நேரா இருக்கு. எனக்குத்தான் ஆட வரலை.”

ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். ஒன்பது தடவை இவன் படிப்பை விட்டு வந்தபோது ஒரு தடவைகூட எனக்கு வருத்தம் வந்ததில்லை. அன்றைக்கு வந்தது.

வீட்டுக்குப் போய் இரண்டு தடவை கனைத்திருக்கிறான். திங்கட்கிழமை காலை வெள்ளைச் சட்டை மடிப்போடு தயாராக இருந்தது. அப்பா அதைப் போட்டுக்கொண்டு, லீவு சொல்லிவிட்டு, எங்களோடு துவாக்குடி பஸ் ஏறினார். ஐ.டி.ஐ. வாசலில் இறங்கியதும் எங்கள் இருவரையும் டீக்கடையில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்து, போய்க் கேட்டுக்கோ என்று மட்டும் சொன்னார்.

இவன் போய் டி.சி. கேட்டான். இன்ஸ்ட்ரக்டர் தன் மேஜை டிராயரை இழுத்துக் காட்டினார். பூட்டியிருந்தது. இவனுடைய ஒரிஜினல் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது, ஆனால் சாவியைக் காணோம், தேடிக்கொண்டிருக்கிறேன், வியாழக்கிழமை வாங்க என்றார். அதுவரைக்கும் சும்மா நிற்க வேண்டாம், இரண்டு ராடு ஓட்டிவிட்டுப் போங்கள் என்றார்.

ஊரில் உள்ள பூட்டையெல்லாம் திட்டியவனுக்குப் பூட்டே இல்லாத இடத்தில் ஒரு பூட்டு வந்து வாய்த்தது. வியாழக்கிழமை போனான், சாவி கிடைக்கவில்லை, திறக்க வரச் சொன்ன பூட்டுக்காரரும் வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை பூட்டுக்காரர் பெண்ணுக்குச் சமயபுரத்தில் மொட்டை. அதற்கடுத்த வாரம் பூட்டுக்காரருக்கே காய்ச்சல். ஒவ்வொரு தடவையும் இரண்டு ராடு, மூன்று ராடு, ஒரு கட்டு ராடு. சாயங்காலம் என்னிடம் வந்து அந்தப் பூட்டுக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டுவான். இப்படியே ஒன்றரை மாதம் போயிற்று. ஒரு நாள் சாயங்காலம் வந்தான், பூட்டுக்காரரைப் பற்றிப் பேசவே இல்லை. பையிலிருந்து பேப்பர் சுற்றிய ஒரு இரும்புத் தகட்டை எடுத்து என் கையில் வைத்தான். கசடு தட்டி, துடைத்து, இரண்டு துண்டு சேர்ந்த இடத்தில் ஒரே சீராக ஒரு கோடு. விரலால் தடவிப் பார்த்தேன், எங்கேயும் தட்டவில்லை. அதற்குப் பிறகு அவன் டி.சி. பற்றிப் பேசவில்லை, டிராயரும் அவனுக்கு மறந்துபோயிற்று.

பரீட்சை எழுதினான், பாஸ் செய்தான். சர்டிபிகேட் வாங்குகிற அன்றைக்கு அப்பா ரிட்டயர் ஆக இன்னும் இருபது நாள் இருந்தது. வெள்ளைச் சட்டை வந்தது, நானும் வந்தேன், இந்தத் தடவை அம்மாவும் வந்தார். இன்ஸ்ட்ரக்டர் புது சர்டிபிகேட்டைக் கொடுத்துக் கை குலுக்கினார். பழைய ஒரிஜினல்களையும் வாங்கிக்கொள் என்று அம்மா சொன்ன பிறகுதான் அவனுக்கு டிராயர் ஞாபகம் வந்தது. பூட்டு அப்படியேதான் தொங்கியது.

“சார், இதோட சாவி கடைசி வரைக்கும் கிடைக்கலையா? யார்கிட்டதான் இருக்கு?”

இன்ஸ்ட்ரக்டர் என் நண்பனுக்குப் பின்னால் பார்த்தார். நாங்களும் திரும்பிப் பார்த்தோம். அவன் அப்பா கூச்சத்தோடு வெள்ளைச் சட்டையைக் கொஞ்சம் தூக்கி, அரைஞாண் கயிற்றை முன்னால் இழுத்து, அதில் முடிந்திருந்த ஒரு சின்னச் சாவியை நிதானமாக அவிழ்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதத்து முடிச்சு, லேசில் வரவில்லை.

“என்கிட்டதான்டா இருக்கு,” என்றார்.

பூட்டுக்காரர் என்று ஒருவர் உலகத்திலேயே இல்லை என்பது அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. அவருக்குக் காய்ச்சல் என்று கேட்டு ஒரு நாள் இவன் பரிதாபம்கூடப் பட்டிருக்கிறான். சிரிக்கத்தான் ஆரம்பித்தான், பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. இறங்கற ஸ்டாப் வந்துடுச்சு, அழாம இறங்கு என்றார் அப்பா.

இப்போது லேப்சாவி துவாக்குடியில் ஒரு சின்னப் பட்டறையில் இருக்கிறான், வீடும் அங்கேயே எடுத்துக்கொண்டான். மே மாதம் வந்தால் செருப்புக் குவியல் பஸ் ஏறி அங்கே போகிறது. ஐ.டி.ஐ.யில் அந்த டிராயரை இப்போது பூட்டுவதில்லையாம், சாவியை அவன் திருப்பிக் கொடுத்தால்தானே பூட்டுவதற்கு.

நான் குடும்பத்தோடு வெளியூர் போனால் வீட்டுச் சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டில் நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள், எதிர் வீட்டில் என் சித்தியே இருக்கிறாள். நான் இரண்டு பஸ் மாறித் துவாக்குடி போய், அவனிடம் கொடுத்துவிட்டு வருகிறேன்.